கண்ணெழுத்தும் தேயிலைப் பெட்டியும்

காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையில் அடுக்கிக் கிடந்த பொதிகளைப் பற்றிச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை ஒரு செய்தி கூறுகின்றது. வேற்றூர்களிலிருந்து வந்த வணிகர் தத்தம் பெயரையும் எண்ணையும் அப்பொதிகளின்மேற் பொறித்து வைத்திருந்தனர். அப்பொறிப்பிற்கு இளங்கோவடிகள் வழங்கும் பெயர் ‘கண்ணெழுத்து’ என்பது. பண்டத்தின்மேல் இடும் குறியீட்டெழுத்து என்பதே அதன் பொருளாகக் கொள்ளத்தகும். கண்ணுக்கென எழுதிய எழுத்து என்று அதனை விரித்துக் கொள்ளுதல் இலக்கண முடிபு ஆகாது. ஆயினும் அவ்வாறு கொள்வதால் வரும் நன்மை ஒன்றுண்டு. படிப்பதற்கான எழுத்து வேறு, பார்த்த மாத்திரத்தில் அறிவதற்கான எழுத்து வேறு என்னும் வேறுபாட்டைச் சுட்ட ஒரு பழந்தமிழ்ச் சொல் நமக்குக் கிடைக்கின்றது. ஏட்டில் உள்ள எழுத்து, வாசிப்போனைத் தன்பால் நிறுத்தாது பொருளிடத்தே செலுத்துவது. பொதிமேல் உள்ள எழுத்தோ, தொலைவிற் செல்வோனையும் தடுத்து நிறுத்துவது. இரண்டும் ஒரே நெடுங்கணக்கைச் சேர்ந்தனவாயினும் அவற்றின் தொழில் வேறாதலின் வடிவும் வேறாகின்றது.

இவ்வணிக எழுத்து காப்பியப் புனைவு மாத்திரமன்று என்பதற்குச் செங்கடற் கரையிலேயே சான்று உண்டு. எகிப்து நாட்டுக் குசைர் அல்-காதிம் என்னும் பழந்துறையில் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் கண்ணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்திற் கீறப்பட்டுள்ளன. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கடல் கடந்த தமிழன் தன் பண்டத்தின்மேல் தன் பெயரைத் தன் எழுத்திலேயே எழுதினான் என்பது இதனாற் பெறப்படும். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொண்டே ஊவா மலைநாட்டுத் தேயிலைப் பெட்டியை நோக்குதல் வேண்டும்.

இக்காலத்து விளம்பரங்களில் விரைவையும் ஊக்கத்தையும் காட்ட வேண்டிய இடந்தோறும் தடித்தும், கோணங்கள் கூர்ந்தும், வலப்புறம் சாய்ந்தும் நிற்கும் எழுத்தே ஆளப்படுகின்றது. விளையாட்டுப் பொருள், மோட்டார் வண்டி, பானப் புட்டி ஆகியவற்றில் இதனைக் காணாதார் இலர். இவ்வெழுத்து ஒரு நாளிற் பிறந்ததன்று. அதன் மூன்று இயல்புகளும் மூன்று வேறு காலங்களில் வேறு வேறு தேவைகளாற் பிறந்தவை.

சாய்வே அவற்றுள் மூத்தது. 1501ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்து அச்சகத்தார் அல்டஸ் மனூசியஸ், உரோமப் புலவர் வெர்ஜிலின் நூலைக் கையடக்கமாகப் பதிப்பித்தார். பிரான்செஸ்கோ கிரிஃபோ என்னும் அச்சு வெட்டுநர் அதற்கென ஒரு சாய்வெழுத்தை வெட்டிக் கொடுத்தார். கற்றோர் விரைந்து எழுதிய கையெழுத்தின் சாயலே அது. ஆரவாரம் சிறிதும் அற்றது. அன்று அது முழு நூலையும் அச்சிடுவதற்கு உதவியது; பின்னரே ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டும் துணையெழுத்தாயிற்று. தடிப்பு இலண்டன் மாநகரத்துச் சரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் குலுக்குச் சீட்டு, நாடகம், மருந்து ஆகியவற்றின் விளம்பரங்கள் தெருச் சுவர்களில் ஒன்றோடொன்று போட்டியிட்டன. நூலச்சு எழுத்து அங்குக் கண்ணிற் படவில்லை. ஆதலால் ரொபேட் தோர்ன் முதலிய வார்ப்பாளர் எழுத்தின் உடலைப் பருக்கச் செய்தனர். வின்சென்ற் ஃபிகின்சின் கட்டையடி எழுத்து 1815இலும், கஸ்லன் வார்ப்பகத்தின் அடிமுனையற்ற எழுத்து 1816இலும் வெளிவந்தன. 1827இல் அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்தை இயந்திரத்தாற் குடையத் தொடங்கிய பின்னர், அடிக்கணக்கான உயரமுள்ள எழுத்தும் மலிவாயிற்று.

சாய்வுக்கு விரைவு என்னும் பொருள் வந்த வகை சுவையுடையது. 1910களின் தொடக்கத்திற் பிரான்சு நாட்டு இளைஞர் ஜாக் ஆன்றி லார்த்திக் ஓட்டப்பந்தயக் கார் ஒன்றைப் படம் பிடித்தார். அக்காலப் புகைப்படக் கருவியின் மறைப்பு, ஒரு சிறு பிளவாக மேலும் கீழும் நகர்ந்து படத்தைப் பகுதி பகுதியாகப் பதிப்பது. ஒரு பகுதி பதிந்து மறுபகுதி பதிவதற்குள் கார் சிறிது முன்னேறிவிடும். ஆகவே வட்டமான சில்லு படத்தில் முட்டை வடிவாகச் சாய்ந்து தோன்றியது. கருவியின் குறைபாடே விரைவின் அடையாளமாயிற்று! ஓவியரும் விளம்பரக்காரரும் அதனைப் பற்றிக்கொண்டனர். முடிவில் 1951ஆம் ஆண்டு மார்சேய் நகரத்து ஒலிவ் வார்ப்பகம் ரொஜே எக்ஸ்கொஃபோன் வரைந்த ‘பாங்கோ’ எழுத்தை வெளியிட்டது. தகட்டைக் கத்தியால் நறுக்கி எடுத்தாற் போன்ற தடித்த துண்டுகளால் ஆகிய சாய்வான தலையெழுத்துக்கள் மாத்திரமே அதில் உள்ளன. பிரான்சு நாட்டுக் கடைப் பலகைகளில் அது பெருகியது. மூன்று இயல்பும் ஓர் எழுத்திற் கூடி நிற்பதற்கு அதனினும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது.

எழுத்தைப் பருக்க வைத்து விற்கும் இக்கலையை நன்கறிந்த ஒருவர் 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். தோமஸ் லிப்டன் என்னும் அவர் கிளாஸ்கோ நகரத்து ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். இளமையில் அமெரிக்கா சென்று, அங்கே கடைகள் வாடிக்கையாளரை ஈர்க்கும் முறைகளைக் கண்டு திரும்பி, 1871இல் தம் முதற் கடையைத் திறந்தவர். பன்றிகளை அலங்கரித்துத் தெருவில் ஊர்வலம் விட்டதும், மிகப் பெரிய பாற்கட்டியினுள் பொற்காசுகளை மறைத்து நத்தார்க் காலத்தில் விற்றதும் அவர் செய்த விளம்பரங்களிற் சில. அவருக்கு வாய்த்த காலமும் ஏற்றதாயிருந்தது. 1869 முதற் பரவிய இலைநோயினாற் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, மலைநாட்டு நிலம் மலிந்து கிடந்தது. அப்புத்தளையை அடுத்த தம்பேதன்ன முதலிய தோட்டங்களை அவர் வாங்கினார். இடைத்தரகரை விலக்கித் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்திற்கு வருவது தம் தேயிலை என்பதே அவர் ஊரெங்கும் பறைசாற்றிய வாசகம். இராத்தல் மூன்று சிலின் வரை விற்ற தேயிலையை ஒரு சிலின் ஏழு பென்சுக்குக் கொடுத்தார். அதுவரை கடைக்காரன் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த சரக்கு, ஒரு இராத்தல், அரை இராத்தல், கால் இராத்தல் பொதிகளில் அடைபட்டு வெளிவந்தது.

பொதியில் அடைத்தல் என்பது சிறு செய்தி போலத் தோன்றும். ஆயின் எழுத்தின் வரலாற்றில் அதுவே பெருந்திருப்பம். அள்ளிக் கொடுத்த தேயிலைக்குக் கடைக்காரனின் வாய்ச்சொல்லே பெயர். பொதிக்கோ முகம் வேண்டும். மஞ்சள் நிறப் பொதி, சிவந்த முத்திரை, அதன்மேல் வெண்ணிறத்திற் பருத்த ஐந்தாறு எழுத்துக்கள் என்று அம்முகம் நாளடைவில் அமைந்தது. அப்பெயரை வாசிக்கத் தெரியாதவனும் அப்பொதியைக் கேட்டு வாங்கினான். லிப்டன் தம் விளம்பரங்களில் தம்மை ‘தேயிலைத் தோட்டக்காரர், இலங்கை’ என்றே குறித்துக்கொண்டார். அவருடைய தோட்டங்களின் விளைவு அவர் விற்ற தேயிலையில் ஒரு சிறு பங்கேயாகும். எஞ்சியதைச் சந்தையில் வாங்கிக் கலந்தே விற்றார். அஃதாவது, அப்புத்தளை மலை அவருக்கு விளைநிலமாக இருந்ததைக் காட்டிலும் பெயருக்குச் சான்றாகவே மிகுதியும் பயன்பட்டது எனலாம். கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணின் படம் அக்கால விளம்பரங்களில் அடிக்கடி வந்தது. அவள் எந்தத் தோட்டத்தாள், என்ன பெயரினள் என்பது எங்கும் எழுதப்படவில்லை.

அவரைப் பற்றிப் பலகாலும் சொல்லப்படும் கதையொன்று உண்டு. இலங்கையிலிருந்து அவர் மீண்ட கப்பல் செங்கடலிலே தரைதட்டியது. பாரத்தைக் குறைக்கச் சரக்கைக் கடலில் எறியலாயினர். பிறர் கலங்கி நிற்க, லிப்டன் வெட்டுத் தகடும் சிவப்புச் சாயமும் எடுத்து, எறியப்படவிருந்த பொதிகளின்மேல் லிப்டன் தேயிலை அருந்துக என்று பொறித்துவிட்டாராம். அவரே சுவைபடச் சொல்லி வந்த கதையாதலின் அதிற் சிறிது மிகையிருத்தல் கூடும். எனினும் கண்ணனும் சாதனும் பெயர் கீறிய அதே கடலில் இன்னொரு வணிகன் பெயர் மிதந்தது என்பதை வரலாற்று மாணவர் கவனியாது விடார்.

இனி, அவ்வெழுத்தின் மறுபக்கத்திற்கு வருவோம். 1893இல் அப்புத்தளைக்குப் புகையிரதம் வந்தது. தோட்டத்து ‘ஸ்டோர்’ என்று தொழிலாளர் வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையிற் பதமான தூள், ஈயத்தாள் உள்வைத்த மரப்பெட்டிகளில் நிரப்பப்பட்டது. பின் பெட்டியின் முகத்தில் உலோக வெட்டுத் தகட்டை வைத்துத் தூரிகையாற் கருஞ்சாயம் பூசினர். தோட்டத்தின் விற்பனைக் குறி, தூளின் தரத்தைக் காட்டும் பி. ஓ. பி. போன்ற எழுத்துக்கள், பட்டியல் எண், மொத்த நிறை, வெறும் பெட்டியின் நிறை, உள்ளீட்டின் நிறை என்பன அங்கே பதிந்தன. கொழும்பிலே 1883இல் தொடங்கிய ஏலத்தில் வாங்குவோர் தேடுவது இக்குறியையே. ஒரு தோட்டத்தின் குறிக்கு நற்பெயர் உண்டாயின் விலை ஏறும். புகாரின் பொதியில் இருந்த பெயரும் எண்ணும் பதினைந்து நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின் ஊவாவின் பெட்டியில் மீண்டன. ஒரு வேறுபாடு மாத்திரம் உண்டு: அவை தமிழெழுத்தாய் இல்லை.

வெட்டுத் தகட்டின் தொழில்நுட்பம் எழுத்தின் வடிவையும் ஆண்டது. தகட்டிலே ‘ஓ’ என்னும் ஆங்கில வட்டத்தை முழுதாக வெட்டினால் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும். அதனைத் தாங்க இடையிற் சிறு பாலங்கள் விடுதல் வேண்டும். ஆகவே வளைவு குறைந்து, கோடு நேராகி, இடையிடையே அறுபட்ட ஒரு தடித்த கோண எழுத்து உருவாயிற்று. அழகு கருதி எவரும் அதனை வகுக்கவில்லை. தகரமும் தூரிகையும் வகுத்தன. அழகுணர்ச்சியின் பெயரால் இன்று அதே அறுபட்ட எழுத்தை நகரத்து உணவகங்கள் தம் பலகையில் இட்டுக்கொள்வதைக் காணும்போது நகைப்பு வரும். தமிழை அவ்வாறு வெட்டுதல் எளிதன்று. ண, ன, வ முதலிய எழுத்துக்களின் சுழிகள் யாவும் தகட்டிலிருந்து விழுவன. ஒவ்வொன்றிற்கும் பாலம் வேண்டும். எனினும் தமிழெழுத்து பெட்டியில் ஏறாமைக்கு இவ்விடர்ப்பாடு காரணமன்று. வாங்குவோன் கொழும்பிலும் இலண்டனிலும் இருந்தான். அவனுக்குத் தமிழ் வேண்டியதில்லை. அதுவே காரணம்.

பெட்டிக்கு மாத்திரமன்றி மனிதனுக்கும் குறியிட்ட காலமும் அதுவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து கங்காணிமார் திரட்டிக்கொணர்ந்த தொழிலாளர்க்குத் தகர வில்லைகள் வழங்கப்பட்டன. எந்தத் தோட்டத்திற்கு அனுப்பப்படுகின்றார் என்பதைக் காட்டும் எண் முதலியன அவற்றில் அடிக்கப்பட்டிருந்தன. அவ்வில்லையைக் காட்டினால் வழியிலுள்ள அதிகாரிகள் ஆளைச் செல்லவேண்டிய தோட்டத்திற்கு அனுப்பி வைப்பர். நிருவாகத்தின் நோக்கில் அது சிக்கனமான ஏற்பாடு. ஆயின் தேயிலைப் பெட்டியும், அதனைச் சுமப்பவனும் ஒரே வகைக் குறியீட்டெழுத்தால் இனங்காணப்பட்டனர் என்பதை மறைத்தற்கில்லை. தன்மேல் உள்ள எழுத்தை வாசிக்க மாட்டாத நிலையிலேயே இருவகைச் சரக்கும் மலையேறின, மலையிறங்கின.

அதே தேயிலையைத் தமிழன் விலைகொடுத்து வாங்க வேண்டிய காலம் வந்தபோது நிலைமை மாறியதைக் காண்க. 1930களில் ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகள் தளர்ந்தன. இந்தியாவில் தேயிலை அருந்தும் பழக்கத்தைப் பரப்பத் தேயிலை விற்பனை விருத்திச் சபை பெருமுயற்சி செய்தது. புகையிரத நிலையங்களிற் பீங்கான் பூச்சுப் பலகைகள் தொங்கின. தேநீர் தயாரிக்கும் முறையை அவை பல இந்திய மொழிகளிலே படத்தோடு விளக்கின. தமிழும் அவற்றுள் ஒன்று. கோப்பியையும் மோரையும் விடாத தமிழ்நாட்டை வெல்வதற்குத் தமிழெழுத்துத் தடிக்க வேண்டியதாயிற்று. தமிழனின் கை மாத்திரம் தேவைப்பட்ட மலையில் எழுத்து உரோம எழுத்தாயிருந்தது. அவன் மடிச்சீலை தேவைப்பட்ட சமவெளியில் அது தமிழாயிற்று. கண்ணெழுத்து எப்போதும் வாங்குவோனின் மொழியையே பேசும். செய்வோனின் மொழியை அது தானாகக் கற்றுக்கொள்வதில்லை.

மலைநாட்டிற் பருத்த தமிழெழுத்து முதலில் வணிகத்தின் வழியாக அன்றிக் கிளர்ச்சியின் வழியாகவே செல்வாக்குப் பெற்றது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்டங்களின் உள்ளே புகத் துணி வியாபாரி வேடம் பூண்டார் என்பர். 1924இல் தொடங்கிய அவருடைய ‘தேசபக்தன்’ தோட்டத் தொழிலாளரின் குறைகளை எழுதியது. அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிப் பாடியும் அச்சிட்டும் பரப்பினார். 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் கொழும்பிலிருந்து வெளிவரலாயின. இத்தாள்களை லயத்தில் ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் சூழ்ந்து கேட்டனர். வாசிக்கத் தெரிந்த ஒருவர்க்கு நூலெழுத்து. தெரியாத பலர்க்குத் தலைப்பெழுத்து. தோட்டப் பாடசாலைகள் மெலிந்தே இருந்தன. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் துரைமாரின் கடமையாக்கிய போதிலும், பல இடங்களில் ஒரே ஆசிரியர், ஒரே அறை என்ற அளவில் அது நின்றது. அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேதான்.

தமிழ் அச்செழுத்தே தடிக்கவும் சாயவும் நெடுங்காலம் தயங்கியது. 1578இற் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகியது முதல், தமிழச்சு உழைத்ததெல்லாம் எழுத்தைச் சிறிதாக்கவும் தெளிவாக்கவுமே. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய எழுத்து மிகப் பெரிதாயிருந்து தாளை விழுங்கியது. தரங்கம்பாடியினர் அதனினும் சிறிய எழுத்தை உள்ளூரிலேயே வார்க்க வேண்டியதாயிற்று. 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவிய ஆறுமுக நாவலர்க்கும் பிழையற்ற ஏடே குறிக்கோள், சுவரொட்டி அன்று. ஈய அச்சிற் சாய்வெழுத்து வேறோர் இடரையும் தந்தது. சாய்ந்த எழுத்தின் தலை பக்கத்து அச்சின்மேல் நீண்டு நிற்கும். அழுத்தத்தில் அது முறியும். மேலே விசிறியும் புள்ளியும் தாங்கும் தமிழுக்கு அவ்விடர் மிகுதி. ஆகவே ஒரு சொல்லைச் சிறப்பிக்கத் தமிழ் அச்சகத்தார் தடித்த எழுத்தையோ மேற்கோட் குறியையோ நாடினர்.

கணினி வந்தபின் அவ்விடர் நீங்கியது. புதிய கேடு புகுந்தது. நேரெழுத்தை இயந்திரத்தால் ஒருபுறம் தள்ளிச் சாய்த்துவிட்டு, அதனையே சாய்வெழுத்து என்று வழங்கலாயினர். நேர்க்கோடு மிகுந்த உரோம எழுத்து அதனை ஓரளவு பொறுக்கும். சுழியும் வளைவும் மிகுந்த தமிழ் பொறாது. தள்ளுண்ட சுழி ஒருபுறம் நசுங்கி மறுபுறம் இழுபடுகின்றது. எழுத்து ஓடுவதுபோலத் தோன்றாது விழுவதுபோலத் தோன்றுகின்றது. சாய்வைத் தொடக்கத்திலிருந்தே தமிழின் கையோட்டத்திற் கண்டு வரைதலே முறை. இலங்கையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீசின் ‘கவிவாணர்’ அவ்வழியிற் சென்ற ஒரு முயற்சி. அது கையெழுத்தின் மென்மை கொண்டது. தடித்த கோணச் சாய்வெழுத்து அன்று.

கோணம் தமிழுக்கு அயலானது என்று சிலர் கருதுவர். அது வரலாற்றறிவின் குறையே. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைகளிற் பாறையில் வெட்டிய தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் நேர்க்கோடும் கூர்ங்கோணமும் உடையன. உளியும் கல்லும் அவ்வடிவைத் தந்தன. பின்னர் ஓலையும் எழுத்தாணியும் அதனை வளைத்தன. நேர்க்கோடு ஓலையின் நரம்போடு சென்று அதனைக் கிழித்துவிடும் என்று அஞ்சிய கையே சுழிகளைப் பெருக்கிற்று என்பது அறிஞர் பலர் கருத்து. புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியையும் விட்டனர். எழுதும் கருவி மாறுந்தோறும் வடிவும் மாறியதென்றால், வளைவுதான் தமிழின் உயிர் என்று சாதிப்பதற்கு இடமில்லை. வணிகனுக்கு வேண்டிய கோண எழுத்து நம் முன்னோரிடம் இருந்தது. அதனைத் தொடர்ந்து பேணும் சந்தை நம் கையில் இல்லாது போயிற்று.

லிப்டன் 1931இல் இறந்தார். 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. லிப்டன் என்னும் பெயர் தோட்டத்தினின்று பிரிந்து கைமாறிக் கைமாறி, 2022இல் யூனிலீவர் நிறுவனத்திடமிருந்து ஒரு முதலீட்டு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. மண்ணையும் செடியையும் தொடாமல் எழுத்தை மாத்திரம் விற்கவும் வாங்கவும் முடிகின்றது! மரப்பெட்டியும் வழக்கொழிந்தது, காகிதச் சாக்கு அதன் இடத்தைப் பிடித்தது. தம்பேதன்னைக்கு மேலுள்ள குன்றில் லிப்டன் அமர்ந்து நோக்கிய இடத்தைக் காண உல்லாசப் பயணிகள் ஏறுகின்றனர்; ஏறும் வழி முழுவதும் கொழுந்து பறிப்போரிடையே செல்வது.

தோட்டங்களுக்குப் பெட்டியின்மேல் ஒரு பெயரும் தொழிலாளர் நாவில் வேறொரு பெயரும் உண்டு என்பதை மலைநாட்டார் அறிவர். முதற் கங்காணியின் பெயர், ஓர் ஆறு, ஒரு மரம், ஒரு கோயில் என ஏதேனும் ஒன்று பற்றி எழுந்த அத்தமிழ்ப் பெயர்கள் விற்பனைக் குறியாகவில்லை. ஆதலால் தகட்டில் வெட்டப்படவுமில்லை. லயங்களிலுள்ள முதியோர் அவற்றை இன்றும் வழங்குகின்றனர். ஒரு தோட்டத்திற்கு ஒரு மாணவன் வீதம் சென்று, பெயரையும் அது வந்த காரணத்தையும் கேட்டு எழுதிக்கொள்வானாயின், ஊவாவின் தோட்டப் பெயர்களை ஒரு விடுமுறைக் காலத்திற்குள் தொகுத்துவிடலாம்.